காலுறைக்கு எத்தனை நிமிடம்

கிரிம்ஸ்பி நூலகத்தில் எனக்கு ஒரு மேசை உண்டு.
செவ்வாய்க்கிழமை, பத்து முதல் ஒன்று வரை.
ஹீட்டரை ஒட்டிய மேசை. அதனால்தான் கூட்டம்.
என் ஆலோசனைக்காக யாரும் வருவதில்லை என்பதை
முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துகொண்டேன்.

கிளெம் ஹாக்ஸ்வொர்த்தும் சூட்டுக்காக வந்தவர்தான்.
எண்பத்து மூன்று வயது.
நேற்றைய செய்தித்தாளைக்
கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார்.
கையுறையைக் கழற்றவே மாட்டார்.
ஐந்து வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது:
கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது.

"உங்களுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு, கிளெம்."
"அது முடியாதவங்களுக்கு.
நான் சமாளிச்சுக்கிறேன்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.
இந்த ஊரிலோ அழாத பிள்ளைக்குத்தான் நல்ல பெயர்.
அந்த நல்ல பெயரைச் சுமந்துகொண்டு
எத்தனை பேர் என் மேசையைக் கடந்து
கழிவறைக்குப் போகிறாற்போல் போயிருக்கிறார்கள்.

ஒரு ஜனவரியில் ஒத்துக்கொண்டார்,
மழை விடும் வரைக்கும் மட்டும் என்று.

முப்பது பக்கப் படிவம்.
குளிக்க உதவி தேவையா?
சமாளிச்சுக்கிறேன்.
படி ஏற?
சமாளிச்சுக்கிறேன்.
இரவில் எழுந்திருக்க?
அதான் சொன்னேனே.

அந்தச் சொல்லுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
எழுதி அனுப்பினால் எங்கோ ஓர் அலுவலகத்தில்
'தேவையில்லை' என்று படித்துக்கொள்வார்கள்.
பேனாவை மூடி வைத்தேன்.
"இன்னிக்குக் காலையில
காலுறை போட எத்தனை நிமிஷம் ஆச்சு?"

ஜன்னலைப் பார்த்தார்.
"இருபது."
கொஞ்ச நேரம் கழித்து, "இடது காலுக்கு."
வலது காலுக்கு?
கால்சட்டையை ஓர் அங்குலம் தூக்கிக் காட்டினார்.
வெறுங்கால். அதன்மேல் ஷூ.

அதன்பிறகு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.
ஏழாவது படியில் உட்கார்ந்து எழுவது,
பின்பு படியையே விட்டுவிட்டு
இரண்டு வருஷமாய்க் கீழே நாற்காலியில் தூங்குவது,
தூக்க முடிகிற அளவுக்கு, அரைக் கோப்பைத் தண்ணீர் மட்டும்
கெட்டிலில் ஊற்றுவது,
சூப் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு
தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பது.
(சனிக்கிழமைதான் அவருக்குப் பிடிக்குமாம்.
சனிக்கிழமைத் தபால்காரி கேள்வி கேட்க மாட்டாள்.)

எல்லாவற்றையும் எழுதினேன்.
மீன் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம்
சம்பளக் கணக்கு எழுதிய கை இது,
ஒன்றையும் கூட்டாது, குறைக்காது.
விதிப்படி முழுக்கப் படித்துக் காட்டினேன்.
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்,
"யாரு, இந்த ஆளா?" என்றார்.
"பாவம். இவனுக்குக் கண்டிப்பாக் கொடுக்கணும்."

கையுறையோடு கையெழுத்துப் போட்டார்.
கோடு தாண்டிப் போயிற்று. பரவாயில்லை என்றேன்.

போன ஆறு வருஷத்துக் காசு வராது,
கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு
என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.
செய்தித்தாள் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தார்.
விடையைச் சொல்லவில்லை.
அந்த ஓரத்தை மட்டும் கிழித்துப்
பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரலிலிருந்து அவர் வருவதில்லை.
ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ.
கடிதம் வந்ததா என்று என்னிடம் சொல்ல
அவருக்குக் கடமை ஒன்றும் இல்லை.
அந்த வயதில் ஒருவர் வராமல் போவதற்கு
வேறு காரணமும் உண்டு, அதுவும் தெரியும்.
நூலகருக்கும் தெரியும். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நேற்று வீட்டுக்கு வேறு பஸ் பிடித்தேன்,
அவர் தெரு வழியாகப் போகிற பஸ்.
பதினாலாம் எண் வீடு.
திரை மூடியிருந்தது.
பக்கச் சுவரில் பாய்லர் குழாய்.
அதிலிருந்து,
பஸ் கடக்கிற அந்த ஒரு நொடியில்,
வெள்ளையாக ஆவி.